சிரிக்கிற மாத்திரை

மலைச்சரிவுக் கிராமமான சான் பிளாஸின் சுகாதார நிலையத்துக்குக் கேட்டது எதுவும் வராது. படுக்கை கேட்டால் வராது. குளுக்கோஸ் கேட்டால் வராது. கூரை ஒழுகுகிறது என்று எழுதிப் போட்டால், "உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம்" என்று பதில் வரும், கூரை அப்படியே ஒழுகும். ஆனால் அந்த இரும்புப் பெட்டி மட்டும் யாரும் கேட்காமலே லாரியில் ஏறி, மலையிறங்கி, பூப்போட்ட ரிப்பன் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தது.

ஆள் உயரப் பெட்டி. வெள்ளை வெளேர் என்று, உள்ளே ஜில்லென்று இருக்கும். கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திரை. திரையில் கையும் காலும் முளைத்த மாத்திரை ஒன்று நின்றுகொண்டு எந்நேரமும் பல்லைக் காட்டும். தலைநகரில் புதிதாக முளைத்திருந்த மருந்தியல் மற்றும் மருத்துவ அறிவியல் இணையவழித் தொடர்பயிற்சித் தலைமை இயக்ககத்தின் சின்னம் அது.

இயக்ககத்தின் உத்தரவு தெளிவாகத்தான் இருந்தது. இனி தலைவலி மாத்திரை முதல் பாம்புக்கடி ஊசி வரை எல்லா மருந்தும் இந்தப் பெட்டிக்குள் போக வேண்டும். பொறுப்பில் இருப்பவர் அந்தந்த மருந்துக்கான இணையப் படிப்பைத் தேர்ந்தெடுத்து முடித்தால் கதவு திறக்கும். முடிக்காதவரை திறக்காது. பயிற்சி பெறாத கைகளிடமிருந்து மக்களைக் காப்பாற்றும் திட்டம் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள்.

நிலையத்தின் பொறுப்பில் இருந்தவள் நர்ஸ் செனோபியா லாருத்தா. மருந்தாளுநரும் அவள்தான், பிரசவம் பார்ப்பவளும் அவள்தான். இந்த உத்தரவைப் படித்ததும் அவள் சந்தோஷப்பட்டாள் என்று சொன்னால் நம்புவீர்களா? நிஜமாகவே சந்தோஷப்பட்டாள். போன மழைக்காலத்தில் பாம்பு கடித்த ஒருத்திக்கு அவள் ஊசி போட, அந்த ஊசியே ஒத்துக்கொள்ளாமல் உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுத்து, கடைசியில் எப்படியோ பிழைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அந்த மருந்துக் குப்பியைக் கையில் எடுத்தால் அதன் சீட்டை மூன்று தடவை படித்துப் பார்ப்பாள் செனோபியா. யாராவது உட்காரவைத்து ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தால் தேவலையே என்று காத்திருந்தவள் அவள். இப்போது மறுபடியும் மழை தொடங்கிவிட்டது. கோக்கா இலை பறிக்கும் பருவம். சனங்கள் சரிவில் இறங்கிச் செடிக்குள் கையை விடுகிற பருவமும் அதுதான், பாம்பு வெளியே வருகிற பருவமும் அதுதான்.

படிக்கத் தயார்தான், ஆனால் எங்கிருந்து படிப்பது? நிலையத்தின் கூரையில் வட்டத் தட்டு போல ஒரு ஆன்டெனாவை மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அது பெட்டியின் பூட்டுக்கு மட்டும். பூட்டு தலைநகரத்தோடு நொடி தவறாமல் பேசிக்கொண்டிருக்கும். படிக்க வேண்டியவளுக்கு சிக்னல் வேண்டுமானால் கல்லறை மேட்டுக்கு ஏற வேண்டும்.

அப்படி ஏறி, யாரோ ஒரு பழைய மேயரின் சமாதிமேல் செல்போனோடு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்துத்தான் பெனிதா கேட்டாள்: "என்னடி கொமாத்ரே, செத்தவங்ககிட்ட டியூஷன் படிக்கிறியா?"

பெனிதாவின் மகளுக்கு ஞானஸ்நானத் தாய் செனோபியா. அந்த உறவில் ஒருத்தியை ஒருத்தி கொமாத்ரே என்பார்கள். கூடப்பிறந்தவளிடம்கூட அவ்வளவு உரிமையாகத் திட்டு வாங்க முடியாது.

"உட்காருடி. எந்தப் படிப்பை எடுக்கறதுன்னு தெரியல. நீயும் பாரு."

பெனிதா இலைக்கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். திரையில் படிப்புகள் வந்துகொண்டே இருந்தன. 'மாத்திரையின் தத்துவம்.' 'உனக்குள் உறங்கும் மருந்தாளுநரைத் தட்டி எழுப்பு.' 'மருந்துச் சீட்டில் கையெழுத்தின் அழகியல்.' 'துருவப் பகுதிகளில் மருந்து மேலாண்மை.' 'நோயாளியைப் பார்க்காமலே புரிந்துகொள்ளுதல், முதல் நிலை.'

"இதுதாண்டி நம்ம டாக்டருங்க எல்லாரும் படிச்சது" என்றாள் பெனிதா, கடைசிப் படிப்பைக் காட்டி.

தேய்த்துத் தேய்த்துக் கட்டைவிரல் வலித்தபோது அது வந்தது. 'பாம்புக்கடி மருந்து: கொடுக்கும் முறையும், ஒத்துக்கொள்ளாவிட்டால் செய்ய வேண்டியதும்.' செனோபியாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. இதைத்தானே அவள் கேட்டாள்! அழுத்தினாள். பல்லைக் காட்டிக்கொண்டு மாத்திரை துள்ளி வந்தது.

"அருமையான தேர்வு, செனோபியா! ஆனால் நீங்கள் இன்னும் உங்களைத் தேர்ந்தெடுக்கவில்லை. முதலில் உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்."

கேள்விகள் வந்தன. நீங்கள் ஒரு விலங்காக இருந்தால் எந்த விலங்கு? இன்று உங்கள் மனம் என்ன நிறம்? ஐந்து ஆண்டுகளில் எங்கே இருப்பீர்கள்?

"எங்க இருப்பேன்? இதே சமாதிமேல இருப்பேன். இல்லன்னா உள்ள இருப்பேன்னு எழுதுடி" என்றாள் பெனிதா.

செனோபியா அதை எழுதவில்லை. கோவேறு கழுதை, பச்சை, சான் பிளாஸ் என்று அடக்கமாகவே எழுதினாள். மாத்திரை சிறிது நேரம் யோசித்துவிட்டுச் சொன்னது: "நீங்கள் ஒரு கனவு காண்பவர்! உங்களுக்காகவே நாங்கள் தேர்ந்தெடுத்த படிப்பு: துருவப் பகுதிகளில் மருந்து மேலாண்மை."

வியர்த்து வழிந்த கழுத்தைத் தோள்துணியால் துடைத்துக்கொண்டு பெனிதா சொன்னாள்: "போறப்ப கம்பளி எடுத்துக்கடி."

படிப்பை மாற்ற வேண்டுமானால் ஆலோசகரிடம் பேச வேண்டுமாம். ஃபப்ரீசியோ என்கிற இளைஞன், குரலில் தேன் ஒழுகப் பேசினான்.

"மேடம், பாம்புக்கடி படிப்பு அஞ்சாம் நிலை. நேரா அங்க போக முடியாது."

"சரி தம்பி, ஒண்ணுலேருந்தே படிக்கிறேன். ராத்திரி பகலாப் படிக்கிறேன்."

"உங்க ஆர்வம் பெருமையா இருக்கு மேடம். ஆனா நாலாம் நிலைக்கு செய்முறை அனுபவம் வேணும். பாம்புக்கடி மருந்தை எடுத்துக் கையாள்ற மாதிரி வீடியோ எடுத்து அனுப்பணும்."

"மருந்து பெட்டிக்குள்ள இருக்கே."

"திறந்து எடுங்க."

"அஞ்சாம் நிலை முடிச்சாத்தானேப்பா பெட்டி திறக்கும்?"

எதிர்முனையில் விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு தேன் மறுபடி ஒழுகியது. "ரொம்ப நல்ல கேள்வி மேடம். எல்லாரும் இதையேதான் கேக்கறாங்க. அதனால அதுக்குன்னே தனியா ஒரு படிப்பு ஆரம்பிச்சிருக்கோம். 'படிப்பைத் தேர்ந்தெடுப்பது எப்படி.'"

"அதுக்குள்ள யாரையாவது பாம்பு கடிச்சா?"

"அந்த மாதிரி நேரத்துல பதறாம இருக்கறதுக்கும் ஒரு படிப்பு இருக்கு மேடம். இலவசம்."

வேறு வழியில்லாமல் செனோபியா 'படிப்பைத் தேர்ந்தெடுப்பது எப்படி' என்ற படிப்பைத் தேர்ந்தெடுத்தாள். மழைத்தாளைத் தலையில் போட்டுக்கொண்டு சமாதிமேல் உட்கார்ந்து படித்தாள். பரீட்சையும் எழுதினாள். முதல் கேள்வி: சரியான படிப்பு எது? அ) சரியானது. ஆ) பொருத்தமானது. இ) சரியானதும் பொருத்தமானதும். ஈ) இவை எதுவுமல்ல, ஆனால் அனைத்தும். அவள் இ போட்டாள். தவறு. அடுத்த தடவை ஈ போட்டாள். மேகம் இறங்கி சிக்னல் போய்விட்டது. "பரீட்சையைப் பாதியில் விட்டது உங்கள் ஈடுபாட்டுக் குறைவைக் காட்டுகிறது" என்று மாத்திரை சிரித்தது.

இதற்கிடையில் காய்ச்சல்காரர்கள் வந்தார்கள், வயிற்றுப்போக்கில் துவண்ட குழந்தைகள் வந்தார்கள். பெட்டியின் மருந்து பெட்டியிலேயே குளுகுளுவென்று இருக்க, செனோபியா தன் கைக்காசில் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்தாள். ஆனால் பாம்புக்கடி ஊசி எந்தக் கடையில் விற்கிறது?

செவேரோவை ஒரு முற்பகலில் தூக்கி வந்தார்கள். பெனிதாவின் புருஷன். ஊரில் அவனைப் போலக் கேலி பேச ஆள் கிடையாது. இலை பறிக்கக் குனிந்தவனைப் பாம்பு கெண்டைக்காலில் கொத்தியிருந்தது. கால் அதற்குள் தொடை வரை வீங்கிக் கறுத்துக்கொண்டிருந்தது.

"கொமாத்ரே, பொட்டியைத் திற" என்றான். அப்போதும் சிரிக்கப் பார்த்தான். "படிச்சு முடிச்சுட்டேல்ல?"

செனோபியா ஓடிப்போய்த் திரையைத் தொட்டாள். மாத்திரை கையை ஆட்டியது.

"வணக்கம், செனோபியா! இன்று நீங்கள் இன்னும் எந்தப் படிப்பையும் தேர்ந்தெடுக்கவில்லை."

தெரிந்ததையெல்லாம் அழுத்தினாள். கெஞ்சினாள். மாத்திரையைப் பார்த்து, உன் வம்சம் விளங்குமா என்று கத்தினாள். ஆண்கள் கடப்பாரையோடு வந்து அடித்தார்கள். பெட்டி நெளிந்ததே தவிரத் திறக்கவில்லை. "கற்றலில் முறைகேடு கண்டறியப்பட்டுள்ளது" என்று ஊரே கேட்க அலறியது. ஊசி ஒரு சாண் தூரத்தில் இருந்தது. இரும்புக்கு அந்தப் பக்கம் மருந்து, இந்தப் பக்கம் செவேரோ.

லாரியில் போட்டுக் கரனவி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். பாதி வழியில் மலை சரிந்து ரோட்டை மூடியிருந்தது. எல்லாரும் இறங்கி மண்வெட்டியால் வாரினார்கள். வாரி முடிப்பதற்குள், பெனிதாவின் மடியில் தலை வைத்தபடியே செவேரோ போய்விட்டான். செனோபியாவின் கையில் ஈரத்துணி மட்டும்தான் இருந்தது. இதற்கு மேல் இதை அலங்கரித்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வயிறு எரிகிறது.

இயக்ககம் உடனே ஆள் அனுப்பியது. செவேரோவைப் பற்றி விசாரிக்க அல்ல, பெட்டியில் விழுந்த நெளிவை நிமிர்த்த. வந்தவன் ஒவிதியோ என்கிற மெக்கானிக். பாவம், நல்ல மனுஷன். நடந்ததைக் கேள்விப்பட்டதும் தலையைத் தூக்கவே இல்லை. செனோபியா கொடுத்த கடலை சூப்பைக் கூச்சத்தோடு குடித்துக்கொண்டே சொன்னான்:

"கதவை உடைக்கவே முடியாது சிஸ்டர். தலைநகர்ல ஒரு பெரிய மிஷின் இருக்கு. நாட்டுல இருக்கற பெட்டி எல்லாத்தையும் அதுதான் பூட்டி வெச்சிருக்கு. அது நின்னுதுன்னா எல்லாப் பூட்டும் தானா விட்டுடும். தீப்பிடிச்சா ஆபத்துன்னு செஞ்சவன் அப்படித்தான் செஞ்சிருக்கான். அதனாலதான் அதை ஒரு நொடி நிக்க விடறதில்ல. தனி ஜெனரேட்டர், தனி ஏசி. எனக்கே வீட்ல ஏசி கிடையாது."

செனோபியா அப்போது அதைக் காதில் வாங்கியதாகவே காட்டவில்லை.

கார்னிவல் திருவிழா நெருங்கிய சமயம் ஃபப்ரீசியோ அழைத்தான். குரலில் தேனோடு சர்க்கரையும் சேர்ந்திருந்தது.

"மேடம், வாழ்த்துகள்! நாட்டிலேயே சிறந்த கிராம நிலையம் உங்களோடதுதான். திட்டம் வந்ததுலேருந்து சான் பிளாஸ்ல ஒரு மருந்துப் பிழைகூட இல்ல!"

"மருந்தே குடுக்கலையேப்பா."

"அதான் மேடம் சாதனை! மத்த ஊர்ல ஒண்ணு ரெண்டு பேர் எப்படியோ முடிச்சுத் திறந்துட்டாங்க. உடனே பிழை வந்துருச்சு."

"ஒரு மனுஷன் செத்துட்டான்."

"பார்த்தோம் மேடம். ரொம்ப வருத்தம். ஆனா அது பாம்பு கணக்கு. நம்ம கணக்குல வராது."

செனோபியா போனைக் கல்லறைச் சுவரில் அடிக்கத்தான் ஓங்கினாள். அவன் தொடர்ந்தான்: "புது மிஷின் வந்திருக்கு மேடம், நாட்டுப் பெட்டி எல்லாம் இனி அதுலதான். கார்னிவலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை சால்யா வெச்சிருக்கோம். மிஷினுக்கு நீங்கதான் மத்ரினா."

ஓங்கின கை இறங்கியது.

மத்ரினா என்றால் ஞானத்தாய். அந்த ஊரில் குழந்தைக்கு மட்டுமல்ல, லாரிக்கும் மத்ரினா உண்டு, கால்பந்து அணிக்கும் உண்டு. அந்த வெள்ளிக்கிழமை எந்த அலுவலகத்திலும் வேலை நடக்காது. மேசைக்கும் நாற்காலிக்கும் ரப்பர் ஸ்டாம்புக்கும் காகிதத் தோரணம் கட்டி, பூமித்தாயின் பேரைச் சொல்லிப் பீர் தெளிப்பார்கள். அதுதான் சால்யா. முதல் பீர் மத்ரினாவின் கையால்தான். அந்தக் கையைத் தடுக்கிறவனுக்கு வருஷம் முழுக்க ஒன்றும் விளங்காது. அவ்வளவு துணிச்சல் எந்த மந்திரிக்கும் கிடையாது.

"வர்றேன் தம்பி" என்றாள் செனோபியா. "கொமாத்ரேயையும் கூட்டிட்டு வர்றேன். பீரு நாங்களே கொண்டு வர்றோம், ஊர் சார்புல."

"அய்யோ, எவ்வளவு நல்ல மனசு மேடம்!"

இயக்ககத்தின் கூடம் நாலு சுகாதார நிலையம் கட்டுகிற அளவுக்கு இருந்தது. சுவர் முழுக்க நாட்டு வரைபடம். பூட்டியிருக்கிற ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. நடுவில் கண்ணாடி அறை. கதவை விரியத் திறந்து வைத்திருந்தார்கள். உள்ளே அலமாரி போன்ற புது மிஷின், கழுத்தில் தோரணம், உச்சியில் வண்ணக் காகிதத் தூள், முணுமுணுவென்ற சத்தம். வாசலில் மாத்திரை வேஷம் கட்டிய ஒருவன் வந்தவர்களுக்கெல்லாம் சால்தேன்யா என்கிற கறிப் பலகாரம் கொடுத்துக்கொண்டிருந்தான். துக்கத்துக்கு உடுத்திய கறுப்புப் பாவாடையில் நின்ற பெனிதாவுக்கும் கைகுலுக்கி ஒன்று கொடுத்தான். அவள் அதை வாங்கித் தரையில் வைத்தாள்.

தலைமை இயக்குநர் டாக்டர் ஓர்மச்சேயா மேடையேறினார். டாக்டர் என்றால் சட்டத்தில் டாக்டர். ரத்தம் பார்த்தால் அவருக்கு மயக்கம் வரும்.

"நண்பர்களே! நான் பதவிக்கு வந்தபோது இந்த நாட்டில் மருந்துகள் கண்டபடி நோயாளிகளின் உடம்புக்குள் போய்க்கொண்டிருந்தன. யார் கொடுக்கிறார்கள், எதற்குக் கொடுக்கிறார்கள் என்று ஒரு கட்டுப்பாடும் இல்லை. இன்று? ஒரு மருந்துகூட அனுமதியில்லாமல் வெளியே போவதில்லை! அனுமதியோடும் போவதில்லை என்று சில விஷமிகள் சொல்கிறார்கள். சொல்லட்டும். மருந்து தீர்ந்துபோகிறது என்ற புகார் முன்பு தினமும் வரும். இப்போது வருகிறதா? எல்லாப் பெட்டியும் நிறைந்திருக்கிறது! படிப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். முடித்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்பது பழைய சிந்தனை. எத்தனை பேர் தேர்ந்தெடுத்துக்கொண்டே இருக்கிறார்கள் என்று பாருங்கள்! தேர்ந்தெடுப்பதுதான் சுதந்திரம். முடிப்பது வெறும் முடிவு."

கை தட்டினார்கள். பெனிதா தட்டவில்லை. அவள் சிவப்பு விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எது நம்ம ஊரு?" என்று மெல்லக் கேட்டாள். செனோபியா காட்டினாள்.

சான்றிதழும் மாலையும் கொடுத்துவிட்டு, செனோபியாவைக் கண்ணாடி அறைக்குள் அழைத்துப் போனார்கள். கேமராக்கள் பின்னால் வந்தன. பெனிதா பீர்ப் பெட்டியைத் தூக்கிவந்து காலடியில் வைத்தாள். செனோபியா முதல் புட்டியைத் திறந்தாள்.

"ரெண்டு சொட்டு போதும் மத்ரினா" என்றார் இயக்குநர், சிரித்தபடி. "மின்சாரச் சாமான்."

"பூமித்தாய்க்கு ரெண்டு சொட்டா டாக்டர்?" செனோபியா எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டாள். "அவ்வளவு கஞ்சத்தனமாவா உங்க ஆபீசுல சால்யா பண்ணுவீங்க?"

கூடத்தில் சலசலப்பு. "போன வருஷமும் சொட்டுச் சொட்டாத்தான் தெளிச்சோம், அதான் போனஸ் வரல!" என்றார் பின்னாலிருந்து ஒரு குமாஸ்தா. "நல்லா ஊத்தும்மா! மத்ரினா கையை யாரும் தடுக்காதீங்க!" என்று தரை துடைக்கிற அம்மா கத்தினாள். கூட்டமே ஊத்து ஊத்து என்று தாளம் போட ஆரம்பித்தது. கேமராக்கள் இயக்குநர் பக்கம் திரும்பின. அவர் முகத்தில் பயமும் பக்தியும் மல்லுக்கட்டின. கடைசியில் அவரும் கை தட்டினார்.

"மிஷினே, நல்லாயிரு" என்று செனோபியா புட்டியைக் குலுக்கி மிஷினின் உச்சியிலிருந்த காற்றுத் துளைகளுக்குள் கவிழ்த்தாள். "நீ பூட்டி வெச்ச மருந்தெல்லாம் நல்லாயிருக்கட்டும். இது உத்தரவு போட்டவருக்கு. இது படிப்பை எழுதினவங்களுக்கு. இது துருவப் பகுதிக்கு." ஒவ்வொன்றுக்கும் ஒரு புட்டி. நுரை பொங்கி இடுக்கெல்லாம் இறங்கியது. முணுமுணுப்பு இருமலாக மாறியது.

கடைசிப் புட்டியைப் பெனிதா எடுத்தாள். சால்யாவில் செத்தவர்களுக்கும் பங்கு உண்டு. அதையும் யாரும் தடுக்க முடியாது.

"இது செவேரோவுக்கு" என்றாள். அவசரப்படாமல், கடைசிச் சொட்டு வரை ஊற்றினாள்.

பட் என்று ஒரு சத்தம், கருகல் நாற்றம். மிஷின் நின்றது. சுவரில் சிவப்பு விளக்குகள் ஒன்றுவிடாமல் அணைந்தன. மாத்திரை வேஷக்காரன் முதலில் கை தட்டிவிட்டு, பிறகு நிறுத்திக்கொண்டான்.

"பூட்டு!" என்று இயக்குநர் அலறினார். "எல்லாப் பூட்டும் திறந்துக்குமே! மருந்தெல்லாம் நோயாளிங்க கையில போயிடுமே!"

கொஞ்ச நேரத்தில் செனோபியாவின் போன் அடித்தது. சான் பிளாஸிலிருந்து, நிலையத்தைப் பெருக்குகிற எலோதியா அக்கா. கல்லறை மேட்டுக்கு ஓடியிருக்க வேண்டும், மூச்சு வாங்கினாள்.

"செனோபியா, பொட்டி தானா வாயைத் திறந்துக்கிச்சுடி! என்ன பண்ணட்டும்?"

"மருந்து எல்லாத்தையும் எடுத்து என் வீட்டு ஃபிரிட்ஜுல வை. முதல்ல பாம்பு ஊசி. எடுத்ததும் பொட்டியை மறுபடி நல்லா சாத்திடு."

"சாத்தணுமா? எதுக்கு?"

"மிஷினைச் சரி பண்ணதும் பூட்டிக்கட்டும்க்கா. உள்ள ஒண்ணும் இல்லாத பொட்டிக்கு அவங்களே வந்து காவல் இருக்கட்டும்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். ஆட்கள் துணியோடும் வாளியோடும் ஓடிக்கொண்டிருந்தார்கள். பெனிதா மட்டும் காலிப் புட்டியைக் கையில் பிடித்தபடி அணைந்துபோன வரைபடத்தின் முன்னால் நின்றிருந்தாள்.

"இவ்வளவுதானாடி கொமாத்ரே?" என்றாள். "ஒரு பெட்டி பீரு போதும்னு தெரிஞ்சிருந்தா, மழைக்கு முன்னாடியே வந்து ஊத்தியிருப்பேனே."

செனோபியா கழுத்தில் கிடந்த மாலையைக் கழற்றி மிஷின்மேல் போட்டுவிட்டு, பெனிதாவின் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தாள்.